பக்கத்துச் செடி ஏன் தப்பியது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு புதர்க்காட்டில் ஒரு பகுதிச் செடிகள் மட்டும் இலையெல்லாம் போய், காம்பும் நரம்புமாக நிற்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கிளைக்குக் கிளை கம்பளிப்புழு. கொஞ்ச தூரம் நடந்தால் அதே இனச் செடி, அதே மண், அதே வெயில். ஆனால் இலை ஒன்றுகூடக் குறையாமல் தழைத்து நிற்கிறது. அடுத்த ஆண்டு வந்து பார்த்தாலும் தின்னப்படும் பகுதி தின்னப்பட்டுக்கொண்டே இருக்கிறது, தழைத்த பகுதி தழைத்தே இருக்கிறது.

இதைப் பார்க்கிற எவரும் மொட்டையான செடியின் முன் நின்று, "இங்கே ஏன் இத்தனை புழு?" என்றுதான் கேட்பார்கள். பூச்சியியலிலும் நெடுங்காலம் இந்தக் கேள்வியே முன்னால் நின்றது. நான் தழைத்த செடியின் பக்கம் போய் நின்று, "இங்கே ஏன் புழு இல்லை?" என்று கேட்க விரும்புகிறேன். புழு தின்னத் தகுந்த இலை இங்கேயும் இருக்கிறது. அதைத் தின்ன விடாமல் தடுப்பது எது? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் முதல் கேள்விக்கும் விடை கிடைக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

வழக்கமான விடைகளை முதலில் பார்த்துவிடுவோம். ஒன்று, வானிலை: மழை பொய்த்தது, குளிர் குறைந்தது, அதனால் பூச்சி பெருகிற்று. இன்னொன்று, செடியின் நிலை. வாட்டமுற்ற செடியின் இலைச்சாற்றில் பூச்சிக்கு எட்டக்கூடிய நைட்ரஜன் கூடுகிறது, அதனால் குஞ்சுகள் அதிகம் பிழைக்கின்றன என்று ஆஸ்திரேலியாவில் டி.சி.ஆர். வைட் 1969ஆம் ஆண்டு முதல் விடாமல் வாதிட்டார். சில பூச்சிகளுக்கு இது பொருந்தவும் செய்கிறது. மூன்றாவது விடை 1960இல் ஹேர்ஸ்டன், ஸ்மித், ஸ்லோபோட்கின் ஆகிய மூவர் எழுதிய சிறு கட்டுரையில் இருக்கிறது. தரையெங்கும் பச்சை மிஞ்சி நிற்பதால், இலைதின்னிகளைப் பொதுவாகக் கட்டுக்குள் வைப்பது உணவுப் பற்றாக்குறையாக இருக்க முடியாது, அவற்றின் எதிரிகளாகவே இருக்க வேண்டும் என்றார்கள் அவர்கள்.

வானிலைக்கு ஒரு குறை உண்டு. மழை ஒரு புதரில் பெய்து பக்கத்துப் புதரில் பெய்யாமல் இருப்பதில்லை. வட்டாரம் முழுதும் ஒரே ஆண்டில் பூச்சி பொங்கி எழுவதை வானிலை விளக்கலாம். ஒரு சிறு திட்டில் மட்டும் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கும் பெருக்கத்தை அது விளக்காது. எதிரிகள்தான் காரணம் என்பதற்கும் இதே குறை உண்டென்று தோன்றும். பறக்கும் எதிரிக்குப் பத்து அடியும் நூறு அடியும் ஒன்றுதானே? புழு மண்டிக்கிடக்கும் இடத்தை விட்டுவிட்டு அது ஏன் வேறெங்கோ காவல் காக்க வேண்டும்? இந்த முடிச்சை மிக அழகாக அவிழ்த்தது அமெரிக்காவின் கலிபோர்னியக் கடற்கரையில் நடந்த ஓர் ஆய்வு.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் போடேகா என்னும் கடல்முனை இருக்கிறது. அங்கே டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் காப்புநிலமும் கடலாய்வுக்கூடமும் உள்ளன. உப்புக்காற்று ஓயாமல் வீசும் அந்தப் புல்வெளியில் புதர்லூபின் என்ற மஞ்சள் பூச்செடி திட்டுத்திட்டாக வளர்கிறது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சில் நைட்ரஜனைச் சேர்ப்பது. ஆளுயரம் வரை வளர்ந்து, சில ஆண்டுகளே வாழ்ந்து மடிவது. இதன் இலையைத் தின்னும் பூச்சிகளில் முக்கியமானது ஒர்கியா வெட்டஸ்டா என்னும் அந்துப்பூச்சியின் புழு. நம் ஊர்க் கம்பளிப்புழுக்களின் உறவுக்காரன்தான்; முதுகில் தூரிகை போன்ற மயிர்க்குஞ்சங்கள் கொண்டவன்.

இந்தப் பூச்சியின் வாழ்க்கையில் ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெண் அந்துப்பூச்சிக்குப் பறக்கத் தகுந்த சிறகு கிடையாது. கூட்டிலிருந்து வெளிவந்து அந்தக் கூட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மணத்தை முகர்ந்து ஆண் தேடி வரும். கலந்த பின் தன் பழைய கூட்டின் மீதே நூற்றுக்கணக்கான முட்டைகளை மொத்தமாக இட்டுவிட்டு அங்கேயே இறந்துபோகும். முட்டைகள் குளிர்காலத்தைக் கடந்து இளவேனிலில் பொரிக்கும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். ஆக, ஒரு தலைமுறை நகரும் தூரம் என்பது பெரும்பாலும் புழு ஊர்ந்து போகிற தூரம். தாயின் புதரிலிருந்து அடுத்த புதர், மிஞ்சினால் அதற்கடுத்தது.

போடேகாவில் இந்தப் புழு ஒரு திட்டில் மட்டும் பத்தாண்டுக்கும் மேலாகப் பெருகிக் கிடந்தது. நடந்துபோகும் தூரத்தில் லூபின் செறிந்த வேறு திட்டுகள் இருந்தும் அங்கே அது அரிதாகவே காணப்பட்டது. சூசன் ஹாரிசன், ஜான் மேரன் முதலிய சூழலியலாளர்கள் 1990களில் இதை ஒவ்வொரு படியாகச் சோதித்தார்கள். அந்த வரிசையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். விடையைக் காட்டிலும் அந்த முறையிலிருந்து நாம் கற்க வேண்டியது அதிகம்.

முதல் ஐயம் உணவின் மீது. தப்பிய திட்டின் இலை புழுவுக்கு ஒவ்வாததோ? புழுக்களை எடுத்துப் போய், வேறு பூச்சி எதுவும் அண்டாதபடி வலைப்பையால் மூடி, அந்தச் செடிகளில் வளர்த்தார்கள். நன்றாகவே வளர்ந்தன. ஆகவே இலையில் குறை இல்லை. அடுத்த ஐயம் பரவலின் மீது. ஊர்ந்து மட்டுமே நகரும் பூச்சி அங்கே இன்னும் போய்ச் சேரவில்லையோ? மெதுவாக நகர்வது உண்மை. ஆனாலும் பத்தாண்டில் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகவாவது முன்னேறியிருக்க வேண்டும். எல்லை அப்படி நகரவில்லை. மெதுவான நடை பாதி விடை. எல்லைக்கு வெளியே போய்ச் சேரும் புழுக்களை ஏதோ ஒன்று ஒழித்துக்கட்டுகிறது என்றால்தான் மீதி விடை கிடைக்கும்.

அந்த ஏதோ ஒன்று, ஒட்டுண்ணி. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளுக்கு இந்தச் சொல் புதிதல்ல. டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டையைத் தோகையில் கட்டிவிடுகிறவர்கள் அவர்கள். போடேகாவில் ஒர்கியாவின் முட்டைக்குள் முட்டையிடும் நுண்குளவி ஒன்று உண்டு. வளர்ந்த புழுவின் தோலில் முட்டையிடும் டாக்கினிட் ஈயும் உண்டு. ஈயின் குஞ்சு புழுவைத் துளைத்து உள்ளே போய், அதைத் தின்று வளர்ந்து வெளியே வரும். அந்துப்பூச்சியாக வேண்டியது ஈயாகிவிடும். இவை இரண்டும் பறப்பவை. கடற்காற்றும் சேர்ந்தால் இன்னும் எளிதாகப் பரவுபவை.

ஆய்வாளர்கள் பெருக்கத் திட்டின் உள்ளேயும் ஓரத்திலும் வெளியேயும் புழுக்களை வைத்து, பிறகு திரும்ப எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். ஒட்டுண்ணிக்கு இரையானவற்றின் விகிதம் புழு மண்டிய உட்பகுதியில் குறைவாகவும், திட்டைத் தாண்டியதும் வெளியே அதிகமாகவும் இருந்தது. புழு மலிந்த இடத்தில் எதிரியின் கை தளர்ந்திருக்கிறது. புழு அரிதான இடத்தில் ஓங்கியிருக்கிறது. முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தின் நடுவில் முந்நூறு இலை, பரிமாறுவதற்கு இருபது பேர். வாளி எட்டாத இலைகள் எத்தனையோ. வாசலோரம் இரண்டே இலை போட்டிருக்கிறது, உள்ளிருந்து வெளியே வந்த நான்கு பேர் வாளியோடு அங்கே நிற்கிறார்கள். அந்த இரண்டு இலையில் ஒன்றும் விடுபடாது. பரிமாறுபவர்களின் எண்ணிக்கை நடுவில்தான் அதிகம். ஆனால் ஓர் இலைக்கு எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்தால் வாசலில்தான் அதிகம். ஒட்டுண்ணியின் கதையும் இதுவே. புழு மண்டிய திட்டில் ஈயும் குளவியும் ஏராளமாகப் பிறக்கின்றன. பிறந்தவற்றில் ஒரு பங்கு சுற்றுப்புறத்துக்குச் சிதறுகிறது. அங்கே ஊர்ந்து வந்து சேர்ந்த ஐந்தோ பத்தோ புழுவுக்கு அந்தக் கூட்டம் தாங்க முடியாத சுமை.

ஆக, தப்பிய செடியைக் காப்பது, தின்னப்படும் செடியிலிருந்து பிறந்து வரும் எதிரி. பெருக்கம் தனக்கே வேலி போட்டுக்கொள்கிறது. அந்த வேலி ஆண்டுதோறும் உள்ளிருந்தே புதுப்பிக்கப்படுகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொற்களில் சொல்வது கடினம்.

இதில் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆலன் ஹேஸ்டிங்ஸ் என்ற கணிதச் சூழலியலாளர் ஹாரிசனோடும் கெவின் மெக்கேனோடும் சேர்ந்து இதைச் சமன்பாடாக எழுதினார். இரை அசையாமல் நிற்கிறது. எதிரி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. அப்படியானால் திட்டுக்குள் புழு எங்கே மிக அடர்த்தியாக இருக்கும்? நடுவில் என்றுதான் எவரும் சொல்வோம். சமன்பாடு வேறு சொன்னது: ஓரத்தில். ஓரத்துப் புழுக்களுக்கு ஒரு பக்கம் மட்டுமே எதிரி பிறக்கும் நிலம். மறுபக்கம் எதிரியை இழக்கும் நிலம். அதனால் எதிரியின் எண்ணிக்கை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் குறைகிறது, புழு கூடுகிறது. ஓரத்தைத் தாண்டியதும் புழுவின் எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே விழுந்துவிடுவதால் எதிரியின் கை ஓங்கி, புழு அறவே இல்லாமல் போகிறது. அதாவது மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும் எல்லை கிடையாது. ஏறிக்கொண்டே போய்ச் செங்குத்தாக விழும் எல்லை. களத்தில் எண்ணிப் பார்த்தபோது அப்படியே இருந்தது. 1997இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'எதிர்பாராத' என்ற சொல் இருக்கிறது. உணவின் தரம் காரணமாக இருந்தால் ஓரத்தில் இப்படி ஏறுவதற்கு வேலையே இல்லை. ஒரு விளக்கம் மற்ற விளக்கங்கள் சொல்லாத ஒன்றை முன்கூட்டிச் சொல்லி, அது களத்தில் மெய்யாகும்போதுதான் அதை நாம் நம்பத் தொடங்க வேண்டும்.

இந்தச் சிந்தனையின் வேர் பூச்சியியலில் இல்லை. கணினியியலின் முன்னோடியான ஆலன் டியூரிங் 1952இல் உயிரினங்களின் உருவம் எப்படித் தோன்றுகிறது என்று எழுதினார். ஒரே சீரான பரப்பில்கூட, தூண்டும் பொருள் மெதுவாகவும் தடுக்கும் பொருள் வேகமாகவும் பரவினால் தானாகவே புள்ளிகளும் பட்டைகளும் உருவாகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். மெதுவாக ஊரும் புழு, வேகமாகப் பறக்கும் ஈ என்று வைத்துப் பாருங்கள். நிலத்தில் எந்த வேறுபாடும் இல்லாமலே திட்டுகள் தோன்றலாம். மண்ணில் என்ன வித்தியாசம், நீரில் என்ன வித்தியாசம் என்று நாம் தோண்டித் தோண்டித் தேடும் இடங்களில், சில வேளை தேட ஒன்றுமே இருக்காது.

போடேகாவை விட்டு வரும் முன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே லூபின் புதர்கள் அவ்வப்போது கூட்டங்கூட்டமாகச் செத்து விழும். மொட்டையடிக்கும் கம்பளிப்புழு கண்ணெதிரே இருக்கையில் பழியை அதன் மீது போடுவது எளிது. இலையிழந்த புதரில் விதை குறைந்தது உண்மையே. ஆனாலும் பெரும்பாலானவை மறுபடி தளிர்த்துக்கொண்டன. டொனால்ட் ஸ்ட்ராங்கும் அவருடைய குழுவும் செத்த புதர்களைத் தோண்டிப் பார்த்தபோது வேரில் துளைகள் இருந்தன. வேறோர் அந்துப்பூச்சியின் புழு மண்ணுக்கடியில் வேரைக் குடைந்து கொண்டிருந்தது. அந்தப் புழுவையும் கொல்ல ஈர மண்ணில் வாழும் ஒரு நூற்புழு இருந்தது. அந்த நூற்புழு மிகுந்த இடங்களில் லூபின் நிலைத்து நின்றது. மண்ணின் மேலும் கீழும் ஒரே கதை: செடியின் வாழ்வு, அதைத் தின்பதைத் தின்னும் ஒன்றின் கையில் இருக்கிறது.

எதிரி இல்லாமல் போனால் என்ன ஆகும்? கலிபோர்னியாவில் வலைப்பையால் சின்ன அளவில் செய்த அந்தச் சோதனை, நம் பக்கத்திலேயே மலைமலையாக நடந்திருக்கிறது. செய்தவர்கள் சோதனை என்று நினைத்துச் செய்யவில்லை.

இலங்கையின் தேயிலை மலைகளைச் சொல்கிறேன். தேயிலையும் கவாத்து செய்யப்பட்ட ஒரு புதர்தான். அதன் இளந்தளிர்களை நூலால் பிணைத்து, அந்தக் கூட்டுக்குள் இருந்து தின்னும் டார்ட்ரிக்ஸ் புழு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களுக்குப் பெருந்தலைவலி. இலைமேல் செதில் செதிலாக இட்ட முட்டைக் குவியல்களைக் கையால் பொறுக்குவதுதான் அப்போது தெரிந்த வழி. கொழுந்து பறித்த மலையகத் தமிழரின் கைகளே அதையும் செய்தன. பின்னர் 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி நிலைகொண்டது. சில ஆண்டுகளில் டார்ட்ரிக்ஸ் பெரிதாகப் பேசப்படாத பூச்சியாக அடங்கியது. உயிரியல் கட்டுப்பாட்டு நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டாக நிற்கும் வெற்றி அது.

ஆனால் தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறு வண்டு ஒன்று தொல்லை தந்ததால் 1950களின் பிற்பாதியிலிருந்து டீல்ட்ரின் என்னும் நச்சுமருந்தைத் தெளிக்கத் தொடங்கினார்கள். வண்டு குறைந்தது. அடங்கியிருந்த டார்ட்ரிக்ஸ் தலைதூக்கியது. அதோடு, சுள்ளியைப் போலவே கிளையில் விறைத்து நிற்கும் இன்னொரு இலைதின்னிப் புழுவும் பெருகிற்று. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்து உழைத்த தந்தநாராயண, கதிரவேற்பிள்ளை ஆகிய இருவர் இந்தச் சுள்ளிப்புழுவின் பெருக்கத்துக்கான காரணங்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார்கள். வண்டுக்கென்று தெளித்த மருந்து ஒட்டுண்ணிகளை அழித்ததும் புழு கட்டவிழ்ந்தது என்பதுதான் அந்தக் காலத் தேயிலைப் பூச்சியியல் கற்றுத்தந்த பாடம். கதிரவேற்பிள்ளை போன்றோரின் உழைப்பைத் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

போடேகாவையும் தலவாக்கலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு கவலை வருகிறது. புழு மண்டிய திட்டைக் கண்டதும் நாம் அந்தத் திட்டின் மீதுதான் மருந்தடிக்கிறோம். சுற்றியுள்ள செடிகளைக் காக்கும் ஈயும் குளவியும் பிறக்கிற இடமும் அதே திட்டுதான். அங்கே எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தை அடித்தால், தப்பி நிற்கும் செடிகளின் காவலையும் சேர்த்து அழிக்கிறோம். எல்லாப் பெருக்கத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. எதற்குப் பொருந்தும் என்று கண்டறியாமல் தெளிப்பான் தோளில் ஏறக் கூடாது என்று சொல்கிறேன்.

எதற்குப் பொருந்தும் என்று எப்படிக் கண்டறிவது? இரண்டு செய்திகள் வேண்டும்: தின்னும் பூச்சி ஒரு தலைமுறையில் எவ்வளவு தூரம் நகர்கிறது, அதன் எதிரி எவ்வளவு தூரம் நகர்கிறது. இதைச் சோதிக்கக் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்து ஆமணக்குச் செடி போதும்.

ஆமணக்கைத் தின்னும் புழுக்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, எல்லா ஆமணக்கு விவசாயிக்கும் தெரிந்த காவடிப்புழு. இதன் அந்துப்பூச்சி வலுவாகப் பறக்கும். இரவில் பழத்தோட்டம் தேடிப் போய்ப் பழச்சாறு உறிஞ்சும் அளவுக்குத் திரியும். இதையும் ஒரு சிறு குளவி தாக்குகிறது. அதன் கூட்டைப் புழுவின் பின்புறத்தில் ஒட்டியபடி காணலாம். மற்றது ஒர்கியா போஸ்டிகா, போடேகாப் புழுவின் அதே பேரினம். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது. ஆமணக்கையும் தேயிலையையும் ரோஜாவையும் தின்பது. இதன் பெண்ணுக்கும் சிறகு இல்லை. ஒரே செடியில், ஒரே வயலில், நெடுந்தூரம் பறக்கும் தாயின் பிள்ளையும் இருக்கிறது, கூட்டை விட்டு நகராத தாயின் பிள்ளையும் இருக்கிறது. போடேகாவில் கண்ட விதி சரியென்றால் சிறகற்றதன் பெருக்கம் கூர்மையான ஓரமுள்ள திட்டாக நிற்க வேண்டும். காவடிப்புழு அப்படித் திட்டுக் கட்டக் கூடாது. இளம்புழு நூலில் தொங்கிக் காற்றில் மிதந்து போகும் பழக்கம் இந்தக் குடும்பத்தில் உண்டு. அது எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்பதையும் அளந்தாக வேண்டும். அது அதிகமானால் என் கணிப்பு பொய்த்துப் போகும்.

வேலைக்குப் பெரிய கருவி தேவையில்லை. மருந்தடிக்காத ஒரு வயல், அந்த விவசாயியின் சம்மதம், வலைப்பைகள், புழு வளர்க்கப் பிளாஸ்டிக் டப்பாக்கள். திட்டின் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் சம இடைவெளியில் செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் புழுக்களை விடுங்கள். பாதியை வலைப்பையில் மூடுங்கள், பாதியைத் திறந்து விடுங்கள். சில நாள் கழித்து எடுத்து வந்து, டப்பாவில் தினமும் புது இலை போட்டு வளருங்கள். எந்த டப்பாவிலிருந்து அந்துப்பூச்சி வருகிறது, எதிலிருந்து ஈயோ குளவியோ வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மயிர்ப்புழுவைக் கையால் தொடாதீர்கள், அரிக்கும், தூரிகையால் எடுங்கள். இந்த ஆண்டு களப்பணிக்குத் தலைப்புத் தேடும் மாணவர் யாராவது இருந்தால் உரை முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.